மூட்டைப்பூச்சிக்குக் கொளுத்திய வீடு

வீட்டு மேசையின்மேல் ஒரு கணிப்பொறி, கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக், காலுக்கு இரண்டு மிதிகட்டைகள் என்ற இவ்வளவு சாதனங்களோடு ஆகாய சஞ்சாரம் செய்துவரும் ஃபிளைட் சிமுலேட்டர் ரசிகர்களின் கூட்டத்தில், எவர் எந்தக் குறையைச் சொன்னாலும் அதற்கு ஒரே விடை தயாராகக் காத்திருக்கிறது. ஆட்-ஆன் என்று எல்லோரும் வழங்கும், தனியே வாங்கிச் சேர்த்த விமானத்தின் இஞ்சின் கிளம்பவில்லையென்றாலும், அதன் கருவிப் பலகையில் மானிகள் இருக்கவேண்டிய இடங்களில் கறுப்புக் குழிகள் தெரிந்தாலும், ஓடுபாதையில் ஓடும்போதே அது மிரண்ட மாட்டைப்போல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாலும், நடுவானில் சிமுலேட்டரே மூர்ச்சை போட்டு விழுந்தாலும், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடு" என்பதே அந்த விடை. அனுபவஸ்தர்கள் அதை ஆசீர்வாதம்போல் வழங்குகிறார்கள். புதியவர்கள் மந்திரோபதேசம்போல் வாங்கிக்கொள்கிறார்கள். விமானத்தை விற்றவர்களின் உதவிப் பகுதியிலும் பெரும்பாலும் இதுவே முதற்பாடம். இந்த ஏகோபித்த அபிப்பிராயம் தவறானது என்பது என் கட்சி. குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, குறை எங்கே இருந்தது என்பதற்கு மிஞ்சியிருந்த சாட்சியங்களையெல்லாம் துடைத்துப்போடும் காரியத்தைப் பரிகாரம் என்று அழைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எதிர்க்கட்சியை இளைக்கவைத்து நிறுத்திவிட்டு அதன்மேல் பாய்வது தர்மமன்று. ஆகையால் அவர்களுடைய வாதத்தை அதன் பூரண பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். சிமுலேட்டர் என்பது லட்சக்கணக்கான வரிகளாலான நிரல். அதன் அந்தரங்கம் அதை எழுதியவர்களுக்கே முழுவதும் விளங்குமா என்பது சந்தேகம். அப்படியிருக்க, நோயின் மூலத்தைத் தேடிப் புறப்படும் சாமானியன் கண்ணைக் கட்டிக் காட்டில் விடப்பட்டவனாகத்தான் அலைவான். அதைவிட, எல்லாக் கோப்புகளும் பழுதின்றி இருந்த ஆதிநிலைக்கு ஒரே தாண்டில் திரும்பிவிட்டால், கெட்டது எதுவானாலும் தானே சரியாகிவிடும். காரணம் தெரியாவிட்டால் என்ன, காரியம் ஆகிவிட்டதல்லவா? கேட்பதற்கு இது உலகியல் ஞானம் நிறைந்த பேச்சாகவே ஒலிக்கிறது. ஆனால், குறை என்பது எப்பொழுதும் கெட்டுப்போன ஒரு கோப்பிலேயே குடியிருக்கிறது என்றும், அழித்தால் அந்தக் கோப்பு நிச்சயமாக அழிந்துபோகும் என்றும், பரிசோதிக்கப்படாத இரண்டு நம்பிக்கைகளின் தலையில் அல்லவா இந்த வாதம் ஏறி நிற்கிறது! இரண்டும் அனுபவத்தில் பொய்த்துப்போவதை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த யோசனை நியாயமாக இருந்திருக்கக்கூடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1980-ஐ ஒட்டி ஆப்பிள் இரண்டு கணிப்பொறிக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஃபிளைட் சிமுலேட்டரும், 1982-இல் மைக்ரோசாஃப்டின் பெயரோடு ஐபிஎம் கணிப்பொறிக்கு வந்த அதன் வாரிசும், தாமே பூரணமான சிறு பொருள்கள். கோடுகளால் வரைந்த பூமி, கோடுகளால் வரைந்த வானவிளிம்பு, ஒரு சிறு விமானம். இவ்வளவுதான் அந்தப் பிரபஞ்சம். அது ஏறினால் ஏறிற்று, ஏறாவிட்டால் மறுபடி ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயமில்லை. இன்று நாம் வைத்திருப்பது அப்படிப்பட்டதா?

2006 அக்டோபரில் வெளிவந்து, இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் எஃப்எஸ்எக்ஸ் என்ற சிமுலேட்டரையே எடுத்துக்கொள்வோம். நானும் அதையே அதிகம் பழகியவன். அதில் ஒரு விமானம் என்பது தனியொரு பொருளன்று. அது ஒரு கூட்டுக் குடும்பம். உடலின் உருவம் ஒரு ஃபோல்டரில் வாழ்கிறது, மேலே பூசிய வர்ணம் இன்னொன்றில், ஓசை வேறொன்றில், கருவிப் பலகையும் அதன் மானிகளும் மற்றொன்றில், காற்றில் அது எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை வகுக்கும் எண்கள் ஏர் என்ற விகுதியுள்ள தனிக் கோப்பில். இவர்களையெல்லாம் இன்னாருக்கு இன்னார் என்று உறவு சொல்லிக் கட்டிவைப்பது ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி என்ற கோப்பு. அதில் தேவரகசியம் ஒன்றுமில்லை. நோட்பேடில் திறந்தால் வரிவரியாகப் படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக்கள். பெட்ரோல் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு அதைப் படிக்கவும் தெரியும். சிமுலேட்டரைச் செய்தவர்கள் அதைப் பூட்டிவைக்காமல் திறந்துவைத்ததனால்தான் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் விமானம் செய்து சேர்க்க முடிந்தது என்பதையும், "உள்ளே இருப்பது நமக்கு விளங்காது" என்று கைவிரிப்பவர்கள் அந்தத் திறந்த கதவின் எதிரிலேயே நின்றுகொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும்.

குடும்பம் என்றால் சண்டையும் உண்டு. ஆனால் எந்தச் சண்டை எந்த அறையில் நடக்கிறது என்பதைக் கூச்சலை வைத்தே கண்டுகொள்ளலாம். விமானத்தின் பெயர் தேர்வுப் பட்டியலிலேயே காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வர்ண வேஷத்துக்கும் அந்தக் கோப்பில் சுழியத்திலிருந்து தொடங்கும் ஒரு வரிசை எண் உண்டு. சுழியம், ஒன்று, இரண்டு என்று போய் அடுத்து நான்கு என்று எழுதப்பட்டிருந்தால், எஃப்எஸ்எக்ஸ் மூன்றைத் தேடிப் பார்த்து, இல்லையென்று கண்டு, அத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்ளும். நான்காவது வேஷம் வட்டில் பத்திரமாக இருந்தும் திரைக்கு வராது. சில சமயம் காரணம் இதைவிடவும் அற்பமானது: எல்லா வேஷங்களையும் காட்டு என்ற சிறு கட்டத்தில் குறியிட மறந்திருப்போம். விமானம் வருகிறது, ஆனால் சுண்ணாம்படித்த சுவர்போல் வெளுத்து நிற்கிறது என்றால், வர்ண ஃபோல்டரின் பெயரும் கோப்பில் எழுதிய பெயரும் ஓர் எழுத்தில் வேறுபட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். மானிகள் இருக்கவேண்டிய இடம் குழியாக இருந்தால், முதல் தடவை அந்த விமானத்தை ஏற்றியபோது "இந்த மானியை நம்பலாமா" என்று சிமுலேட்டர் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் "வேண்டாம்" என்று அழுத்திவிட்டோமோ என்று நினைவுகூரவேண்டும். இவ்வளவும் ஐந்து நிமிஷ வேலை. இதற்காகச் சிமுலேட்டரை வேரோடு பிடுங்குகிறவர், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவரின் நேர்வாரிசு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கொளுத்தினால் பூச்சியாவது சாகுமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. எஃப்எஸ்எக்ஸ் தன்னுடைய மூட்டைமுடிச்சுகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதில்லை. நிரலும் விமானங்களும் ஒரு பக்கம் இருக்க, அமைப்புகளை எழுதிவைக்கும் எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி என்ற கோப்பும், ஆட்-ஆன்களின் துணை நிரல்களைத் தொடக்கத்திலேயே அழைத்துவரும் டிஎல்எல்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பும், ஜாய்ஸ்டிக்கின் எந்த அசைவு எந்தக் காரியத்தைச் செய்யவேண்டும் என்பதைக் குறிக்கும் கோப்பும், விண்டோஸில் அவரவர் பெயரால் ஒதுக்கப்பட்ட ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் வாசம் செய்கின்றன. சிமுலேட்டரை நீக்கும்போது நிரல் போகிறது, இவை போவதில்லை. நாள் முழுவதும் செலவிட்டுப் புதிதாக நிறுவி முடித்தவுடன், புதிய சிமுலேட்டர் அந்தப் பழைய கோப்புகளையே தேடிச்சென்று, மரியாதையோடு அழைத்துவந்து, நடுக்கூடத்தில் உட்காரவைக்கிறது. டிஎல்எல்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு குறியீட்டை மூட மறந்திருந்தால், அதில் பதிவான எந்தத் துணை நிரலும் ஏறாது. அதனால் நான்கு விமானங்கள் ஏககாலத்தில் நொண்டியாகும். நான்கையும் அழித்து நான்கையும் நிறுவினாலும் அந்த மூடாத குறியீடு மூடாமலே இருக்கும். 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் இந்த விநோதம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே ஜாய்ஸ்டிக் அமைப்புகள் நம் கணிப்பொறியில் மட்டுமன்றிக் கிளவுட் என்று சொல்லப்படும் தொலைதூரச் சேமிப்பிலும் காப்பாற்றப்படுவதால், வட்டையே துடைத்துவிட்டு வந்தாலும் பழைய அமைப்பு வானத்திலிருந்து இறங்கிவந்து சேர்ந்துகொள்ளும். அந்தச் சிமுலேட்டரின் பெட்டிப் பதிப்பு ஐரோப்பாவில் பத்து டிவிடிகளில் விற்கப்பட்டது. பத்துத் தட்டுகளையும் ஒவ்வொன்றாக ஊட்டி முடித்த பிறகு பழைய வியாதியே எழுந்து வணக்கம் சொன்னால், ஊட்டியவரின் முகம் எப்படி இருக்கும்!

இது விஷயத்தில் நான் புனிதன் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன்பு, இரட்டை டர்போப்ராப் இஞ்சினுள்ள ஒரு விமானத்தை வாங்கினேன். விற்றவர் பெயர் இங்கே அவசியமில்லை, குற்றமும் அவருடையதன்று. மீனம்பாக்கத்து ஓடுபாதையில் த்ராட்டிலை முன்னே தள்ளியதும் விமானம் இடப்புறமாக இழுத்தது. நடுக்கோட்டைப் பிடித்து வைப்பதற்குள் புல்தரைக்கு இறங்கிவிட்டது. நண்பர்களிடம் சொன்னேன். விடையை நீங்கள் அறிவீர்கள். விமானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையும், சிமுலேட்டரையே மறு ஞாயிற்றுக்கிழமையும் அழித்து நிறுவினேன். அதற்கிடையில், பல காலமாகத் திருத்தித் திருத்திச் சேர்த்துவைத்திருந்த விமானநிலையங்கள் சிலவற்றைக் காப்புப் பிரதி எடுக்க மறந்து பறிகொடுத்தேன். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையும் விமானம் இடப்புறமாகவே இழுத்தது. அன்றுதான் ஏதோ அலுப்பில், சிமுலேட்டரோடு கூடவே வரும் சாதாரண செஸ்னாவை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். அதுவும் இடப்புறமாகத்தான் இழுத்தது. அதற்கு முன்பும் பலமுறை இழுத்திருக்கிறது. ஆனால் முன்புறம் ஒற்றை ப்ரொப்பெல்லர் சுழலும் விமானம் இயல்பாகவே இடப்புறம் திரும்பும் என்று எங்கோ படித்திருந்த அரைகுறை ஞானம், அந்த இழுப்புக்கு ஒரு கௌரவமான விளக்கத்தை ஏற்கெனவே எனக்கு அளித்துவிட்டிருந்தது. விமானம் வாங்கிய அதே வாரத்தில் மிதிகட்டைகளும் புதிதாக வாங்கியிருந்தேன் என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. இடது மிதிகட்டையின் உள்ளே இருந்த உணர்கருவி, காலை எடுத்த பிறகும் சுழியத்துக்குத் திரும்பாமல், இடது சக்கரத்தில் மெல்லிய பிரேக்கை எந்நேரமும் பிடித்துக்கொண்டிருந்தது. அமைப்பில், சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாமல் விடும் அளவைச் சற்றே அதிகப்படுத்தினேன், இழுப்பு நின்றது. வியாதி என் காலடியில் இருக்க, நான் இரண்டு வாரமாக ஆகாயத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால், "உமக்கு அப்படி நேர்ந்தது, எனக்கு அழித்து நிறுவியதும் சரியாயிற்றே" என்கிறார்கள். அவர்களுக்குச் சரியாயிற்று என்பதை நான் மறுக்கவில்லை. எது சரிசெய்தது என்று அவர்களுக்குத் தெரியும் என்பதைத்தான் மறுக்கிறேன். மறுநிறுவலில் கோப்புகள் மட்டும் மாறுவதில்லை. நடுவில் கணிப்பொறி இரண்டு தடவை அணைந்து எழுகிறது. பழைய ஆட்-ஆன்கள் இருபது இல்லாமற்போகின்றன. கழற்றி மாட்டிய ஜாய்ஸ்டிக் புதிதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. திரைக்காட்சியின் தரம் ஆரம்ப நிலைக்கு இறங்குகிறது. இருபது காரணங்கள் ஏககாலத்தில் மாறிய இடத்தில் இருபத்தோராவதைப் புகழ்வதற்கு நம் முன்னோர்கள் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பனம்பழம் மறுபடி விழும் நாளும் வருகிறது. எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் நிரலாகையால், கணிப்பொறியில் எவ்வளவு நினைவகம் பொருத்தினாலும் அது தனக்கென்று கையாளக்கூடிய முகவரி வெளி 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. கனத்த விமானமும் கனத்த விமானநிலையமும் கனத்த மேகங்களும் சேர்ந்து அந்த எல்லையை முட்டும்போது சிமுலேட்டர் விழுகிறது. புதிதாக நிறுவியவுடன் மேகமும் நிலையமும் இல்லாத வெறுமையில் அதே விமானம் சுகமாகப் பறக்கும். அவர் நிறுவலின் பெருமையைப் பாடுவார். பிறகு ஒவ்வொன்றாகத் தம் பழைய செல்வங்களைத் திரும்பச் சேர்த்து வருவார். ஒரு மாதத்தில், நீண்ட பயணத்தின் முடிவில், இறங்கப்போகும் நேரத்தில், அதே இடத்தில் அதே மூர்ச்சை. விமானத்தைச் செய்தவர் திட்டு வாங்குவார்.

காரணத்தை அறியாமல், சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று நம்பிக்கொள்வதன் விலை என்ன என்பதற்கு மெய்யான வானத்தில் ஒரு பயங்கரமான திருஷ்டாந்தம் உண்டு. என் அறையில் எவரும் சாவதில்லை. ஆகையால் ஒப்பிடுவதற்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. உலகத்தின் முதல் ஜெட் பயணி விமானமான பிரிட்டிஷ் காமெட் 1952-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 1954 ஜனவரி 10-ஆம் தேதி ரோமிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஒரு காமெட், எல்பா தீவின் அருகே வானத்திலேயே சிதறிக் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 35 பேரும் மாண்டார்கள். சேவை நிறுத்தப்பட்டது, சிதைவுகள் கடலடியிலிருந்து முழுவதும் மீட்கப்படுவதற்கு முன்பே, இஞ்சினில் தீப்பிடித்திருக்கலாம், இன்னது நேர்ந்திருக்கலாம் என்று, நினைக்கத்தக்க குறைகளுக்கெல்லாம் மாற்றங்கள் செய்யப்பட்டன. இவ்வளவும் செய்தாயிற்று என்ற திருப்தியில் மார்ச் 23-இல் காமெட்டுகள் மறுபடி பறக்கத் தொடங்கின. பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 8-இல், ரோமிலிருந்து கெய்ரோ நோக்கிச் சென்ற இன்னொரு காமெட் நேப்பிள்ஸுக்கு அருகே அதே விதமாக வீழ்ந்தது. 21 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான், ஃபார்ன்பரோவில் ஆர்னல்டு ஹால் என்பவரின் தலைமையில், ஒரு முழுக் காமெட்டை மாபெரும் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறந்து இறங்கும் விமானத்தின் உடல் படும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிப் பரீட்சித்தார்கள். உடற்கூட்டின் உலோகம் சோர்ந்து பிளந்தது. முன்பு செய்த மாற்றங்களில் ஒன்றும் அந்த இடத்தைத் தொட்டிருக்கவில்லை.

பாடம் கற்ற உலகமும் பாடத்தை மறக்கிறது. 2014 டிசம்பர் 28-இல் சூராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற ஏர்பஸ் ஏ320 விமானம் 162 பேரோடு ஜாவாக் கடலில் வீழ்ந்தபோது, விசாரணையில் வெளிவந்த செய்திகளுள் ஒன்று, வால்சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் ஒரு பற்றவைப்பு விரிசல் கண்டிருந்தது என்பதும், அதனால் எழுந்த எச்சரிக்கை அந்த விபத்துக்கு முந்திய ஓராண்டில் 23 தடவை அந்த விமானத்தில் தோன்றியிருந்தது என்பதும். விபத்துக்கு அந்த விரிசல் ஒன்றே காரணமன்று. விமானிகள் நடந்துகொண்ட விதமும் சேர்ந்தது. ஆயினும், எச்சரிக்கை வந்தபோதெல்லாம் கருவியை அணைத்து எழுப்பி, எச்சரிக்கை மறைந்துவிட்டது என்று அமைதிகொண்ட அந்தப் பன்னிரண்டு மாதங்களை நினைக்கும்போது, "ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாகிவிட்டது" என்ற நம் அன்றாட வாக்கியத்தின் காற்புள்ளியில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று தோன்றாமலிருப்பதில்லை.

"சரி, அழிக்காமல் என்னதான் செய்யச் சொல்கிறீர்?" என்று கேட்கப்படும். நான் செய்வதைச் சொல்கிறேன். இது என் கண்டுபிடிப்பன்று, எந்த மெக்கானிக்கும் அறிந்த முறைதான். கெட்ட விமானத்தை விட்டுவிட்டு, சிமுலேட்டரோடு வந்த சாதாரண விமானத்தில் அதே குறை தோன்றுகிறதா என்று பார்க்கிறேன்; மிதிகட்டை விஷயத்தில் அந்த ஒரு காரியத்தை முதலில் செய்திருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும். பிறகு இடத்தை மாற்றுகிறேன். கட்டணம் கொடுத்துச் சேர்த்த பெரிய நிலையத்தை விட்டு, ஒரு சிற்றூர்த் தரையில் அதே விமானத்தை நிறுத்திப் பார்க்கிறேன். அங்கே நலமாக இருந்தால் விமானம் நிரபராதி. எந்தக் கோப்பின்மேலும் சந்தேகம் விழுந்தால் அதை அழிப்பதில்லை. அதன் பெயரை மாற்றி ஒதுக்கிவைக்கிறேன். எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி இல்லையென்று கண்டால் சிமுலேட்டர் தானே புதியதொன்றை எழுதிக்கொள்ளும். பழையதும் புதியதும் அருகருகே இருந்தால் எந்த வரி குற்றவாளி என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழையதை அழித்தவருக்கு ஒப்பிட ஒன்றுமில்லை.

ஆட்-ஆன்கள் மிகப் பெருகிவிட்ட வீட்டில் எது கலகக்காரன் என்று அறிவதற்கு எல்லாவற்றையும் துரத்தவேண்டியதில்லை. 2020-இன் சிமுலேட்டரில் ஆட்-ஆன்களைப் போட்டுவைக்கும் கம்யூனிட்டி என்ற ஃபோல்டரில் 64 மூட்டைகள் இருப்பதாகக் கொண்டால், அவற்றில் 32-ஐ வெளியே எடுத்துவைத்துவிட்டு ஓட்டவேண்டும். குறை தோன்றினால் உள்ளே இருக்கும் 32-இல் குற்றவாளி இருக்கிறான், தோன்றாவிட்டால் வெளியே இருப்பவற்றில். அதை மறுபடி பாதியாக்கினால் 16. பிறகு 8, 4, 2, 1. ஆறு தடவை ஓட்டினால் ஆள் அகப்பட்டுவிடுவான். இரண்டு மூட்டைகள் தனித்தனியே சாதுக்களாக இருந்து, சேர்ந்தால் மட்டும் அடித்துக்கொள்ளும் சந்தர்ப்பங்களில் இந்தப் பாதிக்கணக்கு சற்றே தடுமாறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்பொழுதும் தேடவேண்டிய காடு தோட்டமாகச் சுருங்கியிருக்கும்.

இதற்கு மேலும், விண்டோஸே ஒரு சாட்சியை நியமித்துவைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டில், எந்த நிரல் எந்த நொடியில் வீழ்ந்தது, வீழும்போது எந்தக் கூறு கையில் இருந்தது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் 7 வந்த புதிதில், சிமுலேட்டரின் மெனுக்களைப் பலமுறை திறந்து மூடினால் எஃப்எஸ்எக்ஸ் திடீரென்று மாயமாகிக்கொண்டிருந்தது. ஆட்-ஆன் விமானங்களில் மெனுவை அடிக்கடி திறக்க நேர்வதால் பழியெல்லாம் அவற்றின்மேலேயே விழுந்தது; விண்டோஸையே துடைத்து நிறுவியவர்களும் உண்டு. பதிவேட்டைத் திறந்து படித்தவர்கள், விமானத்துக்குச் சம்பந்தமேயில்லாத யூஐ ஆட்டோமேஷன் கோர் என்ற ஒரு விண்டோஸ் கோப்பின் பெயரை அங்கே கண்டார்கள். அதன் பழைய பிரதி ஒன்றைச் சிமுலேட்டரின் ஃபோல்டரில் போட்டதும் வீழ்ச்சி நின்றது. விண்டோஸை எத்தனை தடவை நிறுவினாலும் அதே புதிய கோப்புத்தானே மீண்டும் வரும்!

இன்னும் ஒரு ஆக்ஷேபம் மிச்சமிருக்கிறது. எனக்கு மிகவும் அனுதாபமுள்ளதும் அதுவே. "நாங்கள் பறக்க வந்தோம், மெக்கானிக் வேலைக்கு வரவில்லை. பகலெல்லாம் ஆபீஸில் உழைத்து இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அதிலும் கோப்புப் படிக்கவா?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் கைக்கொள்ளும் உபாயம் ஒரு முழு விடுமுறை நாளை விழுங்குகிறது என்பது கணக்குக்கு ஒவ்வவில்லை. அதோடு, குறை என்று அவர்கள் முறையிடுவதில் கணிசமான பகுதி குறையே அன்று. போயிங் 737-ஐ நுணுக்கமாகச் செய்து தரும் ஆட்-ஆன்களில், இஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதற்கு அழுத்தக் காற்று வேண்டும். வாலில் இருக்கும் துணை இஞ்சினிலிருந்து அந்தக் காற்றைத் திறந்துவிடவேண்டும். அதே காற்றைக் குடிக்கும் குளிர்பதனச் சாதனங்களை அப்பொழுது மூடிவைக்கவேண்டும். இதைச் செய்யாமல் பொத்தானை எத்தனை தடவை திருப்பினாலும் சுழற்சி வேண்டிய அளவுக்கு ஏறாது. மெய்யான விமானத்திலும் ஏறாது. அதேபோல், விமானம் தன் இருப்பிடத்தையும் திசையையும் தானே உணர்ந்துகொள்வதற்கு ஏறக்குறைய பத்து நிமிஷம் அசையாமல் நிற்கவேண்டும்; அதற்குள் நகர்த்திவிட்டால் திரையில் வரைபடம் வராது. பத்து நிமிஷம் பொறுக்க மனமில்லாதவர், வரைபடம் வராத விமானம் பழுதானது என்று தீர்மானித்து, பத்து மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து அதை அழித்து நிறுவுகிறார்! உண்மைக்கு விசுவாசமாக உழைத்த சிற்பியை, சிலை பேசவில்லை என்று அடிப்பதற்கும் இதற்கும் பேதம் காணேன். கூடவே வந்த கையேட்டை நாற்பது பக்கம் படித்திருந்தால், அந்த இரவே அவர் வானத்தில் இருந்திருப்பார்.

மறுநிறுவலுக்கு ஓரிடமும் இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பதிவிறக்கம் பாதியில் அறுந்து நிறுவல் குறையாக முடிந்திருந்தாலோ, வட்டு பழுதாகிக் கோப்புகள் சிதைந்திருந்தாலோ, அதைத் தவிர வழியில்லை. ஆனால் அங்கும் காரணத்தை முதலில் அறிந்தாகவேண்டும். போன மாதம் என் அண்டை வீட்டுப் பையன் வந்தான், கல்லூரியில் படிக்கிறவன். "அங்கிள், மூணு தடவை ரீ-இன்ஸ்டால் பண்ணிட்டேன், பேனல்ல பாதி மானி வரவேயில்ல" என்றான். போய்ப் பார்த்தால், அவனுடைய ஆன்டிவைரஸ் நிரல், மானியை ஓட்டும் கோப்பொன்றை விஷக்கிருமி என்று நினைத்து, ஒவ்வொரு நிறுவலின்போதும் அது வந்து இறங்கிய மறுகணமே பிடித்துத் தன் சிறையில் அடைத்துக்கொண்டிருந்தது. மூன்று நிறுவல்களுக்கு மூன்று கைதிகள், நாளும் மணியும் குறித்து, வரிசையாக உள்ளே இருந்தார்கள். ஒருவனை விடுதலை செய்து, அந்த ஃபோல்டருக்குள் இனி நுழையவேண்டாம் என்று காவல்காரனுக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

கணிப்பொறிக்கு அருகே நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். என்ன குறை, எந்த விமானம், எந்த நிலையம், எதை மாற்றினேன், மாற்றிய பிறகு என்ன ஆயிற்று என்று அதில் எழுதிவருகிறேன். ஒரு சமயத்தில் ஒன்றுக்குமேல் மாற்றுவதில்லை என்பது அதன் முதற்பக்கத்தில் எழுதிய விதி. அதில் பதினான்காம் பக்கம் இன்னும் முடியவில்லை. பழைய நான்கு இஞ்சின் விமானம் ஒன்றில், பொழுது சாய்ந்த பிறகு, வலது இறக்கையின் விளக்கு மட்டும் சில நாட்களில் எரிகிறது, சில நாட்களில் எரிவதில்லை. பதினொரு காரணங்களைச் சோதித்து அடித்திருக்கிறேன். பன்னிரண்டாவதை இன்றிரவு பார்க்கவேண்டும்.